கணிப்பொறித் துறையும் நம் இளைஞர்களும்

(கொற்கையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த பொருள், "முன் அனுபவம் இல்லாத நம் பிள்ளைகள் கணிப்பொறித் துறையில் நுழைவது எவ்வாறு?" என்பதாகும். இந்தத் துறையில் சென்னையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையிலும், வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையின் இருபுறமும் அமர்ந்தவன் என்ற முறையிலும் இதற்கு விடை கூற ஒப்புக்கொண்டேன். நம் சங்கம் தோன்றிய 2000ஆம் ஆண்டிலேதான் சென்னைத் தரமணியில் டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தப் பூங்காவின் வாயிலுக்குள் நம் பகுதியிலிருந்து சென்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2024 டிசம்பரில் தூத்துக்குடிக்கே நியோ டைடல் பூங்கா வந்துவிட்டது. கட்டடம் பக்கத்தில் வந்துவிட்டது. கதவு நமக்குத் திறக்குமா என்பதே கேள்வி.

கொற்கை என்றதும் முத்து என்பார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரையக் கடற்பயண நூல்' இவ்வூரைக் 'கொல்கி' என்று குறிப்பிடுகிறது. அதே நூல், இங்கு முத்துக் குளிக்கும் வேலையில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் கூறுகிறது. உரோம் நாட்டுச் சீமாட்டி அணிந்த முத்துக்கு வரலாறு உண்டு; அதை மூச்சடக்கி எடுத்தவனுக்குப் பெயர் இல்லை. பிறகு தாமிரவருணியின் வண்டல் படிந்து கடல் ஆறேழு கிலோமீட்டர் விலகிச் சென்றது. துறைமுகம் காயலுக்குப் போயிற்று, அங்கிருந்து தூத்துக்குடிக்குப் போயிற்று. பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச் சிப்பியை வளர்த்து முத்து எடுத்துக் காட்டினார்கள். தொழில்கள் இடம் மாறும், முறை மாறும். மாறுகின்ற நேரத்தில் எவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறையின் நிலை அமைகிறது. ஆகவேதான் இப்பொருளைப் பேசுவதற்கு இவ்வூர் ஏற்ற இடம் என்று கருதினேன்.

"அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்கள், இல்லை என்றால் அனுப்பிவிடுகிறார்கள், வேலை கிடைக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று நம் பட்டதாரிகள் வேதனையோடு கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண இந்தத் தொழில் பிறந்த கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

அயர்லாந்தில் டோனிகால் என்னும் கடற்கரை மாவட்டத்தில் 1921இல் பிறந்தவர் கேத்லீன் மக்நல்ட்டி. தந்தை கல் வேலை செய்தவர். 1924இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் குழந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டு மொழி ஐரிஷ். கணிதம் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். போர்க்காலம். கணிதம் கற்ற பெண்கள் தேவை என்ற செய்தித்தாள் விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்து, பீரங்கிக் குண்டின் பாதையைக் கையால் கணக்கிடும் வேலையில் சேர்ந்தார். அந்த வேலைக்கு அப்போது 'கம்ப்யூட்டர்' என்றே பெயர். மனிதர்களைத்தான் அப்படி அழைத்தார்கள். பின்னர் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியை இயக்க ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தபோது அவரும் ஒருவரானார். பாடநூல் இல்லை. கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. பாதுகாப்பு அனுமதி வரும்வரை அந்த இயந்திரம் இருந்த அறைக்குள்ளும் விடவில்லை. மின்சுற்று வரைபடங்களைக் கையில் கொடுத்து, இது எப்படி இயங்கும் என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்றார்கள். கண்டுபிடித்தார்கள். 1946 பிப்ரவரியில் அந்த இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்ட நாளில், அதை இயக்கிய அந்தப் பெண்களை விருந்துக்கு அழைக்கவில்லை. அவர்களுக்கு உரிய பெருமை கிட்ட ஐம்பது ஆண்டுகள் ஆயின. உலகின் முதல் நிரலாளர்களுள் ஒருவர் கல் வேலை செய்தவர் வீட்டுப் பெண் என்பதை, கல்லும் உப்பும் சுமந்த வீட்டுப் பிள்ளைகளாகிய நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் அப்படியேதான். டாட்டா கன்சல்டன்சி 1968இல் தொடங்கப்பட்டபோது முன் அனுபவம் உள்ளவர் என்று தேடினால் எங்கே கிடைத்திருப்பார்? மின்பொறியாளர்களையும் கணித மாணவர்களையும் எடுத்துத் தாங்களே பயிற்றுவித்தார்கள். 2000ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கல் வந்தபோது, கோபால் என்ற பழைய கணிப்பொறி மொழியைச் சில வாரங்களில் கற்பித்து ஆயிரக்கணக்கான புதியவர்களை வேலையில் அமர்த்தினார்கள். அனுபவத்தை நிறுவனமே அன்று கொடுத்தது. முன் அனுபவம் இன்றி இத்துறையில் நுழைய முடியாது என்று இன்று ஒருவர் சொன்னால், அவருக்கு முன்னே சென்றவர் எப்படி நுழைந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் நம்மைத் தடுப்பது எது? இதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கப் பேராசிரியர் பால் அட்டிவெல்லும் நடத்திய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. மேல்சாதி இந்துப் பெயர் கொண்ட விண்ணப்பத்தோடு ஒப்பிட்டால், தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. நம் தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிற்குப் பிறகு பெயருக்குப் பின்னே சாதி ஒட்டும் வழக்கம் குறைந்தது; ஆகவே இங்கே பெயரைக் கொண்டு எளிதில் கண்டுபிடிக்க இயலாது. அதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன வேலை? எந்தப் பள்ளி? சமூகவியலார் சுரீந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் தில்லிப் பகுதியில் 25 பெரு நிறுவனங்களின் ஆள் தேர்வு அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று கூறிய அதே அதிகாரிகள், குடும்பப் பின்னணியைக் கேட்பது மிக இன்றியமையாதது என்றும் கூறினார்கள்! இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நானும் அத்தகைய தேர்வுக் குழுவில் அமர்ந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விடையளித்த பையன் நன்றாகவே அளித்தான். அவன் வெளியேறியதும் உடன் இருந்தவர், "பையன் சரிதான், ஆனால் நம்ம சூழலுக்கு ஒத்துவருவானா?" என்றார். எந்தச் சூழல் என்று கேட்டேன், விடை வரவில்லை. அந்தப் பையன் தேர்வானான் என்பது வேறு செய்தி. நான் அந்த நாற்காலியில் இல்லாதிருந்தால்?

இன்னொன்றும் உண்டு. இந்தத் துறையில் கணிசமான வேலைகள் பரிந்துரையால் நிரப்பப்படுகின்றன. பணியில் இருப்பவர் ஒருவர் தமக்குத் தெரிந்தவரின் விவரத்தை உள்ளே அனுப்புவார். அவர் தேர்வானால் பரிந்துரைத்தவர்க்கு ஊக்கத்தொகையும் உண்டு. சட்டப்படி இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் எவர் வீட்டில் மாமாவும் சித்தப்பாவும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்களோ அவர் வீட்டுப் பிள்ளைக்கு வழி தானே திறக்கும். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. எனவே, "அனுபவம் இல்லை" என்று நம் பிள்ளையிடம் சொல்லப்படும்போது, "உன்னைத் தெரிந்தவர் எவரும் இங்கு இல்லை" என்பதே பல நேரங்களில் அதன் பொருள். இதனை உணர்ந்தால் தாழ்வு மனப்பான்மை பாதி போய்விடும். கொலம்பியாவில் பயின்று வந்த அண்ணல் அம்பேத்கருக்கு 1917இல் பரோடா நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அவரிடம் எந்தத் தகுதி குறைவாக இருந்தது?

ஆயினும் குறையை மட்டும் பேசிக் கலைந்தால் நம் பிள்ளைக்குச் சோறு ஆகாது. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அனுபவம் என்ற சொல்லுக்கு இத்துறையில் வேறொரு பொருளும் உண்டு. ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து முடித்திருக்கிறாயா என்பதே அது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமலும் இதைச் செய்யலாம். வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு எளிதாகச் செய்ய இயலாது. தறி இல்லாமல் நெசவு கற்க முடியுமா? கணிப்பொறி மொழிகளோ பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கின்றன. 1991இல் வெளிவந்த பைத்தான் மொழியும், அதே ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும் எவர்க்கும் காசில்லாமல் கிடைப்பவை. 2011 முதல் சில ஆண்டுகள் அரசு கொடுத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. லினக்ஸை நிறுவினால் அவற்றுள் பல மீண்டும் உயிர்பெறும்; கற்பதற்கு அதுவே போதும்.

எதைச் செய்வது? நம் ஊரிலேயே கிடக்கிறது. உப்பளத்தில் வேலை செய்யும் அக்காவுக்கு இந்த மாதம் எத்தனை நாள் வேலை, முன்பணம் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு பிடித்தார்கள், மீதி எவ்வளவு என்பது எவர் நோட்டில் இருக்கிறது? கங்காணி நோட்டில் இருக்கிறது. அக்காவிடம் இல்லை. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அரசு அளிக்கும் ஐயாயிரம் ரூபாய் உதவிக்கு எவர் பதிவு செய்திருக்கிறார், எவர் செய்யவில்லை என்பதும் சிதறிக் கிடக்கிறது. இதற்கு ஒரு சிறு மென்பொருள் எழுதுங்கள். கைப்பேசியில் இயங்க வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைத் தொட்டு நாளைப் பதியும்படி அமைய வேண்டும்.

எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இடர்கள் வரும். ஒரே நாளை இருவர் பதிந்தால் எதை ஏற்பது? தவறிப்போய்க் கூலியைக் கழித்தல் குறியோடு பதிந்தால்? அளத்தில் அலைவரிசை கிடைக்காதபோது பதிந்தது எங்கே சேமிக்கப்படும்? கைப்பேசி உப்புத் தண்ணீரில் விழுந்தால் கணக்கு போயிற்றா? ஒருத்தியின் கணக்கை இன்னொருத்தி பார்க்கலாமா? இந்த ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேடும்போது, தரவுத்தளம் என்றால் என்ன, சரிபார்ப்பு என்றால் என்ன, பாதுகாப்பு என்றால் என்ன என்பதை எந்தப் பயிற்சி நிலையமும் கற்பிக்காத அளவுக்குக் கற்றுக்கொள்வீர்கள். பத்துப் பேர் ஒரு மாதம் அதைப் பயன்படுத்தட்டும். அவர்கள் சொல்லும் குறையை எழுதி வைத்துத் திருத்துங்கள். எழுதிய நிரலை கிட்ஹப் போன்ற பொதுத் தளத்தில் நாள்தோறும் பதிந்து வாருங்கள். என்றைக்கு எதை எழுதினீர்கள், எதை ஏன் திருத்தினீர்கள் என்பது தேதியோடு அங்கே நிற்கும். தேர்வுக் குழுவில் இருப்பவன் தேடுவது இதைத்தான். நான் எத்தனையோ விண்ணப்பங்களில் ஒரே மாதிரியான 'நூலக மேலாண்மைத் திட்டம்' பார்த்துச் சலித்திருக்கிறேன். கல்லூரி வாசலில் கடையில் விலைக்கு விற்கிறார்கள், எல்லாரும் அதையே வாங்கி ஒட்டுகிறார்கள். அந்தக் குவியலுக்கு நடுவே உப்பளத்துக் கூலிக் கணக்கு ஒன்று வந்திருந்தால், நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டிருப்பேன். "அப்பா என்ன வேலை?" என்ற கேள்வி வந்தாலும், "உப்பளத் தொழிலாளி, அவர்க்காகத்தான் இதைச் செய்தேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம் அல்லவா?

ஆங்கிலம் பற்றிக் கேட்பீர்கள். பேச்சு பின்னால் வரும். முதலில் படிக்க வரவேண்டும். நிரல் பிழையானால் இயந்திரம் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி காட்டும். அதை மூடிவிடாமல் முழுவதும் படித்துப் பொருள் காணும் பழக்கம் வந்தால் ஆறு மாதத்தில் தொழில் ஆங்கிலம் கைக்கு வரும். தமிழிலேயே தொடங்க விரும்புவோர்க்கு, 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழும் அதன் மின்னூல்களும் இலவசமாக உள்ளன.

இனி வாயில்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்க்கு ஜோஹோ நிறுவனத்தின் பள்ளி உண்டு. கட்டணம் இல்லை, படிக்கும்போதே மாத உதவித்தொகை தருகிறார்கள், பட்டம் கேட்பதில்லை. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. தென்காசிப் பக்கத்திலேயே அவர்களுக்குப் பயிற்சிக்கூடம் இருக்கிறது. எச்.சி.எல். நிறுவனம் 2017 முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரைப் பயிற்றுவித்து வேலையில் அமர்த்தி, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கவும் வழி செய்கிறது. அதற்குப் பயிற்சிக் கட்டணம் உண்டு. நம் மாணவர்க்கு அதைத் தாட்கோ ஏற்கும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. இவ்வாண்டு நிலை என்ன என்பதை மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். செவிவழிச் செய்தியை நம்பாதீர்கள். இந்த வழிகளில் பெரும்பாலும் கணிதம் வேண்டும். பதினோராம் வகுப்பில், "கணக்கு நமக்கு வராது" என்று ஆசிரியரோ உறவினரோ சொல்லிப் பிரிவை மாற்றிவிடுகிறார்களே, அங்கேதான் பல பிள்ளைகளின் கதவு சாத்தப்படுகிறது. பெற்றோர் அன்றைக்குப் பள்ளிக்கு வந்து நிற்க வேண்டும்.

பட்டதாரிகளுக்கும் பட்டயம் பெற்றவர்க்கும் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 1973இல் செய்த திருத்தத்தால் பட்டம் பெற்ற பொறியாளரும் பழகுநராகச் சேரலாம். உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. ஓராண்டு முடிவில் கிடைக்கும் சான்றிதழ், அரசே ஏற்கும் அனுபவச் சான்று. பலர் இதைப் பதிவு செய்வதே இல்லை. வெளிநாட்டுப் பக்கம் பார்த்தால், 'அவுட்ரீச்சி' என்னும் பயிற்சித் திட்டம், தத்தம் நாட்டில் பாகுபாட்டை எதிர்கொள்ளும் மக்களுக்காகவே நடத்தப்படுவது. வீட்டிலிருந்தே மூன்று மாதம் கட்டற்ற மென்பொருள் பணி. 7,000 டாலர் உதவித்தொகை. முன் அனுபவம் கேட்பதில்லை. விண்ணப்பக் காலத்தில் அந்த மென்பொருளுக்கு ஒரு சிறு திருத்தமாவது செய்து காட்ட வேண்டும். பட்டமே வேண்டும் என்போர்க்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பு உண்டு. நம் மாணவர்க்கு வருமானத்தைப் பொறுத்து நான்கில் மூன்று பங்கு வரை கட்டணச் சலுகை கிடைக்கும்.

எச்சரிக்கையாக இரண்டு சொல்லிவிடுகிறேன். ஐம்பதாயிரம் கொடு, மூன்றாண்டு அனுபவச் சான்று தருகிறேன் என்று சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தே எந்த ஆண்டு எங்கே வேலை செய்தாய் என்று கண்டுபிடித்துவிடும். வேலை போவதோடு நில்லாது, பெயரும் கெடும். இரண்டாவது, தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று அழைத்துச் சென்று, எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைத்து, இணைய மோசடி செய்ய வைக்கும் கும்பல்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். வேலை இல்லாத பிள்ளையின் அவசரமே இவர்களின் மூலதனம். பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

இப்போது காலம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். 2023–24 நிதியாண்டில் டாட்டா கன்சல்டன்சியில் பணியாளர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்போசிஸில் 25,994 குறைந்தது. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. புதியவர்க்குத் தரும் எளிய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே எழுதித் தருகிறது. ஆகவே மனப்பாடம் செய்து தேர்வு எழுதி உள்ளே போகும் வழி குறுகிவருகிறது. இயந்திரம் எழுதியதில் எங்கே பிழை என்று சொல்லத் தெரிந்தவருக்கு வழி இருக்கிறது. ஓராண்டு ஆகலாம், ஈராண்டும் ஆகலாம். அந்தக் காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கேள்விக்கு, மென்பொருள் சோதனை, தொழில்நுட்ப உதவி மையம் போன்ற சிறு வேலைகளில் சேர்ந்துகொண்டு மாலையில் கற்பது ஒரு வழி. பெண் பிள்ளை என்றால் அந்த ஈராண்டுக்குள் திருமணம் பேசத் தொடங்கிவிடுகிறீர்கள். தாய்மார்களே, அந்த ஈராண்டை அவளுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மற்றவர் வீட்டுப் பிள்ளைக்கு மாமா செய்வதை நம் பிள்ளைக்குச் சங்கம்தான் செய்ய வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம்மவர் எத்தனை பேர் என்ற பதிவேடு நம்மிடம் இல்லை. எவர், எந்த நிறுவனம், பரிந்துரை செய்ய முடியுமா, மாதம் ஒரு ஞாயிறு இணையத்தில் மாதிரி நேர்காணல் நடத்த முடியுமா என்ற நான்கு பத்திகள் போதும். படிப்பகத்தின் பின்னறையில் நான்கு பழைய கணிப்பொறிகளும் ஓர் இணைய இணைப்பும் வேண்டும்; அதில் இரண்டு கணிப்பொறிகளை நான் தருகிறேன். மாலை ஆறு முதல் ஒன்பது வரை அறை திறந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் வீடு திரும்பத் துணைக்கு ஓர் அம்மா இருக்க வேண்டும். உப்பளக் கணக்கு மென்பொருளை எழுத முன்வருவோர் இன்றே பெயர் கொடுங்கள். வெளியூரில் பணிபுரிந்து விழாவுக்காக வந்திருப்பவர்கள் உணவுக்குச் செல்லும் முன் செயலாளரிடம் உள்ள அந்த நீல நோட்டில் தங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டு அமர்கிறேன்.